வேப்பம்பூவும் மாங்காயும்: சித்திரை விருந்தின் கதை



ஏப்ரல் 14 நெருங்குகிறது. வருடா வருடம் இந்த நேரத்தில் லிஃப்டில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "இந்தத் தடவை வீட்டில் சமையலா, வெளியில் சொல்லிவிடுகிறீர்களா?"

சாம்பார், ரசம், இரண்டு பொரியல், கூட்டு, அவியல், பச்சடி, வடை, போளி, பாயசம் என்று இலை நிறைந்தால்தான் வருடப் பிறப்பு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அவ்வளவும் செய்ய ஆள் இல்லாத வீடுகளில் விருந்தினரைக் கூப்பிடுவதையே விட்டுவிடுகிறார்கள். கூப்பிடுகிற வீடுகளிலோ, விடியற்காலையில் அடுப்படிக்குள் போன அம்மா, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்று மணிக்குத் தனியாக இலை போட்டுக்கொள்கிறார்.

இந்தப் பட்டியல் முழுவதும் சித்திரை முதல் நாளுக்கு உரியதுதானா? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

இளவேனிலின் அடையாளம்

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். சங்க நூலான ஐங்குறுநூற்றில் 'இளவேனிற் பத்து' என்றே பத்துப் பாடல்கள் இருக்கின்றன. பிரிந்து போன தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் இளவேனில். அது வந்துவிட்டதைத் தலைவி நாள்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. மரங்கள் பூப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். உதிரும் வேப்பம்பூவும் அந்த அடையாளங்களில் ஒன்று. பாண்டியர் சூடிய பூவும் வேப்பம்பூதான்.

நாள் கணக்கு வானத்தைப் பார்த்து வந்தது. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள் சித்திரை 1. சுமார் 1,500 முதல் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இந்த நாள், பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாத நாளை ஒட்டியே வந்தது. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று திசை மாறுவதால், ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போய், இப்போது ஏப்ரல் நடுவில் நிற்கிறது. வசந்த காலப் பண்டிகையை நாம் வியர்வையில் நனைந்துகொண்டு கொண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சமயத்தில் மரத்தடியில் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும். சந்தைக்கு மாங்காய் வந்திருக்கும். இரண்டும் புதிதாக ஒருசேரக் கிடைக்கும் சில வாரங்கள் இவைதான். வெல்லம் சேர்த்த மாங்காய்ப் பச்சடியில் நெய்யில் வறுத்த வேப்பம்பூவைத் தூவுவது இப்படி வந்த வழக்கம். வடையும் பாயசமும் ஆவணி அவிட்டத்துக்கும் உண்டு, பிறந்தநாளுக்கும் உண்டு. சித்திரை 1-க்கே உரிய பண்டம் என்றால் இந்தப் பச்சடி ஒன்றுதான். ஆந்திர, கர்நாடக வீடுகளின் உகாதிப் பச்சடியும் வேப்பம்பூ, மாங்காய், வெல்லம் என்ற இதே மூன்றை வைத்துத்தான் செய்யப்படுகிறது.

இலையில் பிறகு வந்து சேர்ந்தவை

மற்றதெல்லாம் பழங்காலத்திலிருந்தே மாறாமல் வருகிறதா என்றால், அதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் அக்கா குந்தவை செய்து வைத்த திருமேனிகளுக்கு அமுது படைக்க என்னென்ன வேண்டும் என்று கல்வெட்டில் பொறித்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு, நெய், மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, புளி, தயிர், வாழைப்பழம், உப்பு, வெற்றிலை, பாக்கு, கடைசியில் விறகு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைக்கும் நீங்கள் ஒரு நல்ல சாப்பாடு சமைத்துவிடலாம்.

அதில் மிளகாய் இல்லை. உருளைக்கிழங்கு இல்லை, தக்காளி இல்லை, பீன்ஸ் இல்லை. இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான், போர்ச்சுகீசியரும் பின்னால் வந்த ஐரோப்பியரும் ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்தார்கள். பீன்ஸையும் முட்டைக்கோஸையும் நம் பாட்டிமார் 'இங்கிலீஷ் காய்' என்று சொன்னது அதனால்தான். பாயசத்தில் போடும் ஜவ்வரிசியைத் தரும் மரவள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது 1940-களில்.

ஆக, நம் விருந்து இலை ஒரே நாளில் நிறைந்ததல்ல. ஒவ்வொரு தலைமுறையும் தன்னால் முடிந்ததைச் சேர்த்திருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து அரைத்து, நறுக்கி, வடை தட்டிய காலத்தில் வளர்ந்த பட்டியல் இது. இன்று அடுப்படியில் நிற்பது ஒருவர்தான். சேர்க்கத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டைக் குறைத்தால் வழக்கம் கெட்டுவிடாது.

பக்கத்து வீட்டுச் சித்திரை

நம் மாடிப்படிகளில் எத்தனை மாநிலத்துக் குடும்பங்கள் ஏறி இறங்குகின்றன! அதில் பலருக்கும் இதே நாளோ, ஒரு நாள் முன்பின்னாகவோ வருடப் பிறப்பு. அவர்கள் அன்று என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பீகாரில் அன்று 'சத்துவான்'. வறுத்த கடலை மாவான சத்துவைத் தண்ணீரில் பிசைந்து, மாங்காய்த் துவையலோடு சாப்பிடுவார்கள். மிதிலைப் பகுதியில் 'ஜூர் சீத்தல்' நாளில் அடுப்புக்கே ஓய்வு. முதல் நாள் வடித்த சோறுதான் சாப்பாடு. பெரியவர்கள் சிறியவர்களின் தலையில் குளிர்ந்த நீர் தெளித்து வாழ்த்துவார்கள். ஒடிசாவில் 'பணா சங்கராந்தி'. பெயரே பானகத்தை வைத்துத்தான். வில்வப் பழத்தைக் கரைத்துச் செய்யும் பானகம் அது. வங்காளத்தில் நம் பழைய சோறு போன்ற 'பாந்தா பாத்'. இலங்கையில் சிங்களவர் வருடம் மாறும் 'நோனகத' நேரத்தில் அடுப்பு மூட்டுவதில்லை; பிறகு குறித்த நல்ல நேரத்தில் மூட்டிப் பாற்சோறு பொங்குவார்கள். தாய்லாந்தின் 'சொங்க்ரான்' என்ற சொல்லே நம் சங்கராந்திதான். அங்கே மோன் மக்கள் வழியாக வந்த 'காவ் சே', பூ மணம் ஏற்றிய குளிர்ந்த நீரில் போட்ட சோறு.

இத்தனை ஊர்களிலும் ஒரே போக்கு தெரிகிறது: வெயில் ஏறும் நாளில் நெருப்பைக் குறைத்து, வயிற்றைக் குளிரவைக்கும் உணவு. நம் பானகமும் நீர்மோரும் அந்த வரிசையில் சேர்ந்தவைதான். வெளியே வெயில் கொளுத்தும்போது எண்ணெய்ச் சட்டியின் முன் மூன்று மணி நேரம் நிற்பது இந்தப் பண்டிகையின் இயல்புக்கே ஒத்து வராத வேலை.

இந்த வருடம் இப்படிச் செய்து பாருங்கள்

வீட்டாரும் விருந்தினருமாகப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம்.

முந்தின வாரம்: வளாகத்தில் வேப்பமரம் இருந்தால் ராத்திரி அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் விழுந்திருக்கும் பூவைப் பொறுக்கி, சுத்தம் செய்து, காயவைத்து எடுத்து வையுங்கள். குழந்தைகளுக்குப் பிடித்த வேலை இது.

முந்தின நாள்: கனி பார்க்கும் தட்டை அடுக்கும்போதே வெல்லத்தைப் பொடித்து, கரைத்து, வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பச்சடிக்கும் பானகத்துக்கும் அதுவே போதும். தேங்காயைத் துருவுங்கள், காயை நறுக்குங்கள், தயிரை உறை ஊற்றுங்கள்.

அன்று காலை: இரண்டு பெரிய மாங்காயை வேகவைத்து, வெல்லக் கரைசல் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி வேப்பம்பூவை நெய்யில் நன்றாகச் சிவக்க வறுத்து, பரிமாறும்போது தூவுங்கள். முன்னாலேயே போட்டால் பச்சடி முழுக்கக் கசப்பு இறங்கிவிடும். ஒரு கிலோ அரிசிச் சோறு, பருப்பு, நெய், ஒரு ரசம், ஒரு பொரியல், அப்பளம், ஒரு பாயசம். ஒரு லிட்டர் தயிரில் மூன்று நான்கு லிட்டர் நீர்மோர் கிடைக்கும். சாப்பாடு இவ்வளவே.

வடை இல்லாமல் மனசு கேட்காதா? வடை மட்டும் கடையில் வாங்குங்கள், அல்லது யாராவது "நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எதிர் வீட்டு ஒடிசாக்காரர் பணாவும், மேல் மாடி மலையாளி வீட்டார் விஷுக் கஞ்சியும் கொண்டுவந்தால், நம் இலையில் இன்னும் இரண்டு பண்டம் சேர்ந்த கணக்கு. இலை வளர்ந்த வரலாறும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். சமைத்தவருக்கும் முதல் பந்தியிலேயே இலை போடுங்கள். அதற்கு இடம் கொடுக்காத அளவு நீளமான பட்டியல் என்றால், கூட்டையோ அவியலையோ எடுத்துவிடுங்கள். வேப்பம்பூவையும் மாங்காயையும் விட்டுவிடாதீர்கள்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.