தேயிலைத் தொழிற்சாலையும் இயந்திரக் காவலும்

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தே அமைந்த மஸ்கெலியாவின் சரித்திரத்தைக் கூறுவோர் பெரும்பாலும் மலைச்சரிவைப் பற்றியே கூறுவர். காடழித்த கைகளும் கொழுந்து கிள்ளிய விரல்களும் ஆங்கு நினைவுகூரப்படுகின்றன. ஆயின், கிள்ளிய கொழுந்து தேயிலையாக மாறுவது, தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தொழிற்சாலையிலேயாகும். மனிதன் அங்கே இயந்திரத்தோடு வாழப் பழகிய வரலாறும் அறியத்தக்கதே. அவ்வியந்திரத்தினின்று அவனைக் காக்கும் கடன் யாருடையது என்னும் வினா அவ்வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றது.

1867-ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. தொடக்கத்தில் வாடிய கொழுந்தைக் கையினாலேயே மேசைமீது உருட்டினர். தோட்டங்கள் பெருகியபோது கைவேலை போதவில்லை. உருட்டும் இயந்திரமும், உலர்த்தும் இயந்திரமும், சலிக்கும் இயந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறின.

பழைய தொழிற்சாலையின் அமைப்பை அறிந்தாலன்றி அதன் அபாயத்தை உணர்தல் அரிது. நீர்ச்சக்கரமோ, நீராவி எஞ்சினோ, எண்ணெய் எஞ்சினோ ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அத்தண்டிலே பொருத்தப்பட்ட கப்பிகளினின்று தோற்பட்டிகள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் விசையைக் கொண்டு செல்லும். பட்டியும் கப்பியும் கூடும் இடம் விரலையும் துணியையும் ஒரே கணத்தில் உள்ளிழுக்கவல்லது. வேட்டித் தலைப்பும் சேலை முந்தானையும் சுழலும் தண்டிற் சுற்றிக்கொள்ளின், அணிந்தவர் மீள்வது அரிது. உருட்டும் இயந்திரத்திலோ, கொழுந்து நிறைந்த உருளை வடிவான கூடு, வரம்புகள் பதித்த வட்டமேசைமீது ஓயாது சுழன்று நகரும். இடையிற் சென்ற கைக்கு அங்கே தப்பும் வழியில்லை.

அபாயத்தை மிகுவித்தது இயந்திரம் மட்டுமன்று, கொழுந்தின் இயல்புமாம். மாலையிற் பறித்த கொழுந்து இரவெல்லாம் மாடியிலே வாடும். வாடியபின் அது காத்திராது. விடியுமுன்னரே உருட்டத் தொடங்கல் வேண்டும். உருட்டிய இலை புளிக்கும் நேரமும் மணிக்கணக்கிற்குட்பட்டது. சிறிது பிந்தினும் சுவை கெடும். ஆதலின், இயந்திரத்தை நிறுத்துவது நட்டம் எனக் கருதும் மனப்பான்மை எளிதில் வேரூன்றியது. தூக்கம் கலையாத வேளையில், அடைபட்ட இலையை ஓடும் இயந்திரத்திலேயே கையால் எடுக்கும் பழக்கம் இவ்வாறே பிறக்கின்றது. அதனை வெறும் கவனக்குறைவு என்று கூறி ஒதுக்குவது நீதியாகாது.

சட்டத்தின் உதவி எட்டுமுன்னரே தொழிலாளர் தமக்கென ஒரு காவலைத் தேடிக்கொண்டனர். போர்த்துக்கேய மொழியினின்று வந்த ‘ரோதை’ என்னும் சொல் சக்கரத்தைக் குறிக்கும். மலையகத்திலே வணங்கப்படும் ‘ரோதை முனி’, தொழிற்சாலைச் சக்கரங்களின் காவற்றெய்வமாகும். தமிழகத்துக் கிராம எல்லையிலே நின்ற முனியை இயந்திரத்தின் எல்லையிலும் நிறுத்திய அம்மக்களின் உள்ளத்தை மூடநம்பிக்கை என்று இகழ்தல் தகாது. இயந்திரம் ஆபத்தானது, அதற்கு ஒரு காவல் வேண்டும் என்ற உண்மையை அவ்வழிபாடு தெளிவாகவே உணர்த்துகின்றது.

அதே உண்மையைச் சட்டம் மெல்ல மெல்லவே ஏற்றது. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இயந்திரங்களின் அபாயமான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என விதித்தது. இந்தியாவின் 1881-ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கடமையைக் கூறிற்று. இலங்கையில் 1896-இல் சுரங்கங்களையும் இயந்திரங்களையும் பற்றிய பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1934-ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், காயமுற்றவனுக்கு ஈடு பெறும் உரிமையை அளித்தது. எனினும், போன விரலுக்கு விலை கூறுவது வேறு. விரல் போகாது காப்பது வேறு. 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே பின்னதை விரிவாக வகுத்தது. எஞ்சினுக்கும், சுழலும் தண்டுக்கும், ஏனைய அபாயமான பாகங்களுக்கும் உறுதியான வேலி வேண்டும் என்றும், ஒவ்வோர் அறையிலும் விசையை உடனே துண்டிக்கும் கருவி இருத்தல் வேண்டும் என்றும் அது பணித்தது. இச்சட்டம் 1950-ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது.

அதே 1950-இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918-இலேயே எடுத்துரைத்த திட்டத்தின் பயன் அது. பின்னர் 1960-களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மறைந்தது. நீர்ச்சக்கரத்தைச் சுழற்றிய மலைநீர், மின்சாரமாகிக் கம்பி வழியே தொழிற்சாலைகளுக்குத் திரும்பியது. காலப்போக்கில் ஒரே தண்டின் இடத்தைத் தனித்தனி மோட்டார்கள் பெற்றன. பட்டிகளின் அபாயம் குறைந்தது. புதியதோர் அபாயம் புகுந்தது. சுழலும் தண்டைக் கண்டு அஞ்சி விலகலாம். கம்பியுள் உறங்கும் விசையைக் கண் காணாது. நின்றிருக்கும் இயந்திரத்துள் ஒருவன் கைவிட்டுத் துப்புரவு செய்கையில், அஃதறியாத மற்றொருவன் தொலைவிலுள்ள விசைமாற்றியைப் போடலாம். ஓடும் இயந்திரத்துக்கு இட்ட வேலி இவ்விடத்தே பயன்படாது. துப்புரவு செய்வதற்காக அது முன்னரே கழற்றப்பட்டிருக்கும்.

இதற்கான விடையை உலகம் பிந்தியே ஒழுங்குபடுத்தியது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கை, காவலற்ற இயந்திரத்தை விற்பதையே தடுக்க முனைந்து, பொறுப்பைச் செய்வோன்மீதும் விற்போன்மீதும் ஏற்றியது. அமெரிக்காவில் 1989-இல் வெளியான விதி, பழுதுபார்க்குமுன் விசையைத் துண்டித்துப் பூட்டுமாறு பணித்தது. துண்டித்த இடத்தில் வேலை செய்பவன் தன் பூட்டை மாட்டுவான். தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவான். எஞ்சிய விசையையும் அகற்றி, இயந்திரம் உண்மையில் இயங்காது என்பதைச் சோதித்தபின்னரே கைவைப்பான். நால்வர் வேலை செய்யின் நான்கு பூட்டுகள். திறவுகோல் அவரவர் மடியிலேயே இருக்கும்.

எளிய இரும்புப் பூட்டுத்தான். ஆயினும் அதன் பொருள் பெரிது. தோட்டத் தொழிற்சாலையிலே இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் கட்டளையிடும் அதிகாரம் துரைக்கும் டீமேக்கருக்கும் உரியதாயிருந்தது. தன் கை உள்ளே இருக்கும்வரை இயந்திரம் ஓடாது என்று சொல்லும் அதிகாரத்தைப் பூட்டு தொழிலாளிக்கு அளிக்கின்றது. வேலியிடுவது முதலாளியின் கடன். திறவுகோலை வைத்திருப்பது தொழிலாளியின் உரிமை. ரோதை முனியிடம் மஸ்கெலியா மக்கள் வேண்டி நின்ற காவல், இவ்விரண்டும் ஒருங்கே கூடுமிடத்திலேயே முழுமை பெறும்.