போரும் அமைதியும்: பன்னாட்டு உறவுக் கோட்பாடுகள்

போர் ஏன் மூள்கிறது, அமைதி எதனால் நிலைக்கிறது என்ற கேள்விக்குப் பன்னாட்டு உறவுத் துறை மூன்று வகை விடைகளைத் தருகிறது. கென்னத் வால்ட்ஸ் 1959இல் வெளியிட்ட ‘மனிதன், அரசு, போர்’ என்னும் நூல் அவற்றை வகைப்படுத்தியது. போரின் வேர் மனித இயல்பில் இருக்கிறது என்பது முதல் விடை. அரசின் உள்ளமைப்பில் இருக்கிறது என்பது இரண்டாவது. அரசுகளுக்கு மேலே அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எதுவும் இல்லாததே காரணம் என்பது மூன்றாவது. மனித இயல்பு எல்லாக் காலத்துக்கும் பொது என்பதால், ஒரு தலைமுறையில் போரும் அடுத்ததில் அமைதியும் வருவதை அதைக்கொண்டு விளக்க முடியாது. மூன்றாம் விடையே போரைத் தெளிவாக விளக்குகிறது. ஆனால் அந்த நிலையை மாற்றவே முடியாது என்று கைவிரிப்பது தவறு. 1870க்கும் 1940க்கும் இடையில் மூன்று முறை மோதி, 1945க்குப் பின் போரே இல்லாமல் வாழும் பிரான்சும் ஜெர்மனியும் அதற்குச் சான்று.

ஓர் அரசு தற்காப்புக்கென்று படை சேர்த்தாலும் அண்டை அரசின் கண்ணுக்கு அது தாக்குதலுக்கான ஆயத்தமாகவே படும். அதுவும் படை திரட்டும். இருவருக்கும் பாதுகாப்பு குறையும். இந்த இருதலைக்கொள்ளி நிலையை ஜான் ஹெர்ஸ் 1950இல் ‘பாதுகாப்பு இக்கட்டு’ என்ற பொருளில் பெயரிட்டார். 1914இல் அது அப்படியே அரங்கேறியது. ரஷ்யா முழுமையாகப் படை திரட்டுமுன் பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்பு. ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்ற நம்பிக்கையில், படை முழுவதையும் கிழக்கே திருப்பலாம் என்றார் மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம். ரயில் அட்டவணை வரை வகுத்து முடித்த ஏற்பாட்டைக் கடைசி நேரத்தில் மாற்ற முடியாது என்று தளபதி மோல்ட்கே மறுத்துவிட்டார். இரு நாள் கழித்து பிரான்சின் மீது போர் அறிவிக்கப்பட்டது.

அச்சம்தான் காரணம் என்றால், அச்சத்துக்கு இடம் தராத ஏற்பாடுதான் மருந்து. 1950 மே 9இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் முன்மொழிந்தது அதுவே: பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் நிலக்கரியும் எஃகும் ஒரே பொது ஆணையத்தின்கீழ் வர வேண்டும். பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுக் கணக்கில் இருந்தால் மறைவாகப் போருக்குத் தயாராவது அரிது. 1951 ஏப்ரல் 18இல் ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். வணிகம் வளர்ந்தாலே போதும் என்பது ஒன்று. பொருளாதாரப் பிணைப்பு போரைப் பயனற்றதாக்கிவிட்டது என்று நார்மன் ஏஞ்சல் முதல் உலகப் போருக்கு முன்பே எழுதினார். அவர் சொன்ன நட்டம் மெய்யானது, ஆனால் அச்சம் நட்டக் கணக்குப் பார்க்கவில்லை. மக்களாட்சிகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை என்பது இரண்டாவது. 1795இல் இமானுவேல் காண்ட் விதைத்த இக்கருத்தை 1983இல் மைக்கேல் டாய்ல் விரித்துரைத்தார். இதில் வலு உண்டு. என்றாலும் 1923இல் பிரெஞ்சுக் குடியரசின் படைகள் பெல்ஜியப் படைகளோடு ஜெர்மானியக் குடியரசின் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் புகுந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் இருந்தபோதுதான் 1999இல் இந்தியாவும் பாகிஸ்தானும் கார்கிலில் மோதின. அமெரிக்காவின் படைக்குடையே ஐரோப்பாவைக் காத்தது என்பது மூன்றாவது. அந்தக் குடை இல்லாமல் பிரான்ஸ் துணிந்திருக்காது என்பது உண்மை. ஆனால் கிரீஸும் துருக்கியும் 1952 முதல் அந்தக் குடையான நேட்டோ படைக்கூட்டணியில் இருந்தும், 1974இல் சைப்ரஸ் விவகாரத்தில் போரின் விளிம்புவரை சென்றன. குடை வெளிப்பகையைத் தடுக்கும்; குடைக்குள் இருப்பவர்களின் பரஸ்பர ஐயத்தைத் தீர்க்காது.

ஆகவே அமைதி என்பது நல்லெண்ணத்தின் பரிசு அன்று. ஒருவர் ஆயத்தத்தை மற்றவர் நேரில் பார்த்துச் சரிபார்க்க வழிசெய்யும் ஏற்பாட்டின் விளைவு அது. 1945க்குப் பிறகு பிரான்சும் ஜெர்மனியும் ஒருமுறைகூடப் போரிடவில்லை.