வாடகைச் சட்டம் போனது, நீதிமன்றப் படி நின்றது

வீட்டுக்காரர் போகச் சொன்னால் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டுமா? பினாங்கு ஜோர்ஜ்டவுனின் கடைவீடுகள் இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் வைத்திருக்கின்றன.

1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்தது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்த முடியாது. சட்டம் சொன்ன காரணமின்றி வெளியேற்றவும் முடியாது. கைத்தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்தனர். உரிமையாளருக்கோ வந்த வாடகை கூரையைச் செப்பனிடவும் போதவில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

1997இல் அச்சட்டம் ரத்தானது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. 2000 பிறந்ததும் வாடகை எகிறியது. பல குடும்பங்கள் பழகிய தெருவை விட்டுப் போயின. 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது கட்டடங்கள் இருந்தன. அவற்றில் வாழ்ந்த பலர் இல்லை.

ஆனாலும் வீட்டுக்காரர் கைக்கு எல்லா அதிகாரமும் வந்துவிடவில்லை. வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் காலி செய்யாவிட்டால், நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. பூட்டை மாற்றுவதும் சாமான்களை வீதியில் வைப்பதும் அந்த வழியல்ல. அதே நேரத்தில், காலம் கடந்தும் தங்குபவரிடம் இரட்டிப்பு வாடகை கோர 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் உரிமையாளருக்கு இடம் தருகிறது.

வீடு ஒருவருக்குச் சொத்து, மற்றவருக்குக் கூரை. இரண்டையும் எடைபோடும் தராசு நீதிமன்றத்தில்தான் இருக்கிறது.