குரங்கினக் காப்பாளர்

குரங்கினக் காப்பாளர் என்பவர் விலங்குக் காட்சிசாலைகளில் குரங்கு, மந்தி, தேவாங்கு, மனிதக் குரங்கு முதலிய விலங்குகளைப் பேணும் பணியாளர் ஆவார். உணவளித்தலும் கூண்டைத் தூய்மை செய்தலும் இவரது அன்றாட வேலைகள். எனினும் நோயின் முதல் அறிகுறியைக் கண்டு கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதே இவரது தலையாய பொறுப்பாகும்.

அன்றாடப் பணிகள்

காலையில் முதலில் விலங்குகளின் எண்ணிக்கை சரிபார்க்கப்படும். உண்ணாது விடப்பட்ட உணவு, மலத்தின் தன்மை, காயங்கள், கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருக்கும் விலங்கு ஆகியவை குறிப்பேட்டில் பதியப்படும். காட்டில் நலிந்த விலங்கு எளிதில் இரையாகிவிடும். எனவே குரங்குகள் நோயை வெளிக்காட்டுவது குறைவு. ஒவ்வொரு விலங்கின் வழக்கமான நடத்தையையும் நன்கறிந்த காப்பாளரே சிறு மாற்றத்தையும் உணர முடியும். தூய்மைப் பணி தொடங்குமுன் விலங்குகளை உட்கூண்டுக்கு மாற்றிக் கதவைப் பூட்டுதல் இன்றியமையாதது.

உணவு

உணவு இனத்துக்கு இனம் வேறுபடும். நாட்டுக் குரங்கு பழம், தானியம், பூச்சி முதலியவற்றை உண்டு, கன்னப்பைகளில் சேமிக்கும். மந்திகளின் இரைப்பை பல அறைகளைக் கொண்டது. அங்குள்ள நுண்ணுயிர்கள் இலைகளை நொதிக்கச் செய்கின்றன. பார்வையாளர்கள் எறியும் ரொட்டியும் இனிப்பும் மந்திகளுக்குக் கடும் செரிமானக் கோளாற்றை உண்டாக்கக்கூடும். இரவாடியான தேவாங்கு பெரும்பாலும் பூச்சிகளை உண்ணும்.

நோய்ப் பரவல்

மனிதருக்கும் குரங்கினங்களுக்கும் இடையே நோய் இருவழியாகவும் பரவும். காசநோய், தட்டம்மை, சளிக்காய்ச்சல் ஆகியவை மனிதரிடமிருந்து குரங்குகளுக்குத் தொற்றக்கூடியவை. ஆகவே காய்ச்சலோ இருமலோ உள்ள காப்பாளர் கூண்டுப் பணியிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். 2021 சனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குப் பூங்காவில் கொரில்லாக்களுக்குக் கோவிட்-19 தொற்று உறுதி செய்யப்பட்டது.

நாட்டுக் குரங்கு அடங்கிய மக்காக்கு இனக் குரங்குகளில் காணப்படும் பி வைரசு அவற்றுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை, மனிதருக்கோ உயிர்க்கொல்லியாகலாம். கடிபட்ட இடத்தை உடனே சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில்

1855இல் சென்னையில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, அழியும் நிலையிலுள்ள சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) இங்குப் பேணப்படுகிறது. பெண் சோலைமந்தி ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். மனிதர் கையில் வளர்ந்த குட்டி கூட்டத்தில் இணைய இடர்ப்படும்; எனவே குட்டி தாயிடமே வளர்வதைக் காப்பாளர் விரும்புவார். 2021 சூனில் இப்பூங்காவின் சிங்கங்களைக் கோவிட்-19 தாக்கியது, சில இறந்தன.

வேலூர் வட்டாரம்

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் பகுதி மக்களுக்கு அண்மையிலுள்ளது அமிர்தி விலங்கியல் பூங்கா. 1967இல் நிறுவப்பட்ட இச்சிறு பூங்கா, வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் சவ்வாது மலையடிவாரத்தில் உள்ளது. காட்டையொட்டிய இத்தகைய பூங்காக்களில், கூண்டிலுள்ள விலங்குகளுடன் வெளியே திரியும் நாட்டுக் குரங்குகளையும் காப்பாளர் கவனிக்க நேர்கிறது. பார்வையாளர் தரும் தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு பையைப் பறிக்கவும் கடிக்கவும் துணிகிறது. கூண்டுகளுக்குள் நோயைக் கொண்டுவரவும் கூடும். ஆதலால் உணவு தரவேண்டாம் எனப் பார்வையாளரிடம் எடுத்துரைப்பதும் காப்பாளரின் பணியே.

இவற்றையும் பார்க்க

சோலைமந்தி
தேவாங்கு
அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா