மணி அடிக்கத் தெரியாத பிள்ளை

எங்கள் வீட்டில் நான் ‘சத்தமில்லாத பிள்ளை’. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ தொண்டையிலேயே நின்றுவிடும். இதற்காக யாரும் கவலைப்பட்டதில்லை. ‘தரை அதிராம நடக்கும்’ என்று பாராட்டத்தான் செய்தார்கள். பெரியப்பா மகனும் என்னைப் போலவே கூச்சக்காரன். அவனை மட்டும் ‘பொட்டப்புள்ள மாதிரி ஒளியிறான் பாரு’ என்று திட்டிக் கபடி ஆடத் துரத்தினார்கள். கூச்சம் ஒன்றுதான். அவனுக்கு அது வியாதி, எனக்கு நகை.

அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்குரியவையாகத் தொல்காப்பியமே சொல்லிவிட்டது. பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினார்கள். குணம் என்றால் பிறவியிலேயே வந்தது என்று பொருள்படும். பிறவியிலேயே வருவதை ஏன் தினமும் சொல்லிக்கொடுக்க வேண்டும்? காலை ஒடுக்கி உட்கார், குனிந்து நட, கையை வீசாதே என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டிருப்போம்! அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங், பெண்கள் பந்து எறியும் விதத்தை வைத்து 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆண் உடல் முழுவதையும் திருப்பி எறிகிறான். பெண் கையை மட்டும் நீட்டுகிறாள், மற்ற உடலைப் பிடித்து வைத்துக்கொள்கிறாள். யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நினைப்பில் வளர்ந்த உடல் அது என்கிறார் யங். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய் நினைவுக்கு வந்தது.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது. பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருந்த சித்தி, அறிவொளித் தொண்டராகப் பெயர் கொடுத்திருந்தார். சாயங்காலம் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். பஸ் கிடையாது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் கற்பதை எழுத்தறிவுத் திட்டத்தின் பகுதியாகவே ஆக்கினார். தொண்டர்கள் உள்ளூர்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது ஒரு காரணம். நினைத்த இடத்துக்குப் போகமுடியாத பெண்ணுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும் என்பது இன்னொன்று. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

சித்தி வாடகை சைக்கிள் எடுத்து, வற்றிக்கிடந்த கண்மாயில் பழகினார். ஆம்பளைகள் சிரிப்பார்கள் என்று நிலா வெளிச்சத்தில். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட ஆள் வேண்டும், அதற்குத்தான் நான். சித்தி களைத்து உட்கார்ந்த நேரத்தில் எனக்கும் ஒரு முறை வந்தது. சீட்டில் ஏற உயரம் போதாது. பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டேன். விழுந்தேன். மறுபடி விழுந்தேன். முட்டி இரண்டும் உரிந்தது, பாவாடை செயினில் சிக்கிக் கிழிந்தது.

“கீழ பாக்காதத்தா, தூரமாப் பாரு!” என்று சித்தி கத்தினார்.

தரையைப் பார்த்து நடந்தே பழகிய பிள்ளை நான். அதுதான் என் அடக்கத்துக்கு அடையாளம். சைக்கிளில் தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவோம். தலையை நிமிர்த்தி, எதிர்க்கரைப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு மிதித்தபோது வண்டி நின்றது, நான் போனேன் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படித்தான் இருந்தது.

அடுத்த கஷ்டம் மணி. தெருவுக்குள் வந்ததும் குறுக்கே ஆட்கள். மணி அடித்தால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து இறங்கித் தள்ளிக்கொண்டே போவேன். ஒரு வாரம் கழித்து, கடைக்காரத் தாத்தா நடுத்தெருவில் நின்றபோது அடித்துவிட்டேன். அவர் ஒதுங்கினார், அவ்வளவுதான். ஒரு பெரிய மனிதரை விலகச் சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ‘உள்ளேன் ஐயா’ வெளியே வந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் நான் மணி அடித்தேன். அந்தக் காலத்தில் தலித்துகள் சாதி இந்துக்களின் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்பது தமிழகத்தின் பல ஊர்களில் எழுதாத சட்டம். என் வயதுச் சேரிப் பிள்ளைக்கு மணியடித்தல் வெறும் கூச்சம் சார்ந்த விஷயமாக இருந்திருக்காது.

“பொம்பளப்புள்ள சைக்கிள் விட்டா கர்ப்பப்பை எறங்கிப்போகும்” என்று அப்பத்தா அம்மாவிடம் சண்டை போட்டார். பட்டிக்காட்டுப் பேச்சு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வரலாறு படிக்கப் போனபோதுதான், 1890களில் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்கள் அப்பத்தாவுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று தெரிந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு முகம் இறுகிக் கோணிப்போகும் என்று சொல்லி, அதற்கு ‘சைக்கிள் முகம்’ என்று நோய்ப்பெயரே வைத்தார்கள். அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவர் பிரான்சிஸ் வில்லார்ட் தம் 53ஆம் வயதில் சைக்கிள் கற்று, 1895இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். அதன் பிறகும் உடலைக் காட்டி மறிப்பது நிற்கவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960இல், ரோமில். மூச்சு வாங்கினாலும் ஆண்களின் 800 மீட்டரை யாரும் எடுக்கவில்லை.

1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஊர்வலம் போனதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். மாவட்டத்தில் சைக்கிள் கற்ற கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது அவர் தரும் கணக்கு. அந்த 1,500 பேரில் எங்கள் சித்தியும் ஒருவர். கேரியரில் நான். எல்லா மணிகளும் ஒன்றாக அடித்தன.

கதையை இங்கே முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். 1994இல் நான் பெரியவளானேன். சடங்கு முடிந்த கையோடு சைக்கிளும் முடிந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ‘இனிமே நல்லாருக்காது’ என்றார்கள், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் பழைய கூச்சம் முழுசாகத் திரும்பி வந்தது. மேடையில் பேசக் கூப்பிட்டால் வயிற்றைக் கலக்கியது. பார்வை மறுபடி தரைக்குப் போயிற்று. இயற்கைக் குணம் ஒன்று மூன்று வருடம் லீவில் போய்விட்டுத் திரும்புமா? அறிவொளியில் கடன் வாங்கிச் சித்தி சொந்தமாக வாங்கிய சைக்கிளும் அவர் கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பாவின் சைக்கிள் ஆயிற்று.

இப்போது நான் ஆசிரியை. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு மட்டும் அசையும். ‘ரொம்ப அமைதியான பொண்ணு’ என்று எங்கள் ஆசிரியர் அறையில் அவளுக்கு நல்ல பெயர். பி.டி. பீரியட்டைப் பாதி நாள் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். மீதி நாளில் பையன்கள் மைதானத்தில், பெண்கள் வேப்பமரத்தடியில். போன ஜூனில் இருந்து அந்த மரத்தடிப் பெண்களைக் கபடிக்கு இறக்கியிருக்கிறேன். கபடியில் ஒரு சௌகரியம், பாடாமல் எதிர்ப்பக்கம் போகமுடியாது. முதல் மாதம் இவள் பாடியது நடுவருக்கே கேட்கவில்லை, ஒவ்வொரு முறையும் அவுட். ஆகஸ்டில் ஒரு நாள் வராண்டாவில் நின்ற எனக்கே கேட்டது. வகுப்பில் இன்னும் உதடுதான் அசைகிறது. அவசரமில்லை.

போன வாரம் அவள் அம்மா வந்தார்.

“நல்லா வெளையாடுறாளாம் டீச்சர், சந்தோசம்தான். வயசுக்கு வந்துட்டா நிறுத்திருவீங்கல்ல?”

நிறுத்த மாட்டோம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். கணக்கு வாத்தியாரிடம் நான் இன்னும் பேசவில்லை.