சுங்கம் வளர்த்த சுவான்சௌ

வரைபடத்தில் சுவான்சௌவை 'நகரம்' என்று போட்டிருப்பார்கள். நம்பிவிடாதீர்கள். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தின் கீழ், நம்மூர் மாவட்டத்துக்கு நிகரான ஆட்சிப் பிரிவு அது. பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி 87 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அதற்குள்ளேயே ஜின்ஜியாங், ஷிஷி, நான்ஆன் என மூன்று நகரங்கள் அடங்கும். கின்மென் தீவும் இதன் வட்டம்தான் என்கிறது பெய்ஜிங், ஆள்வதென்னவோ தைவான்!

பின்னால் மலை, முன்னால் கடல். நெல் விளையும் சமவெளி குறைவு. பிழைப்புக்குக் கடலை நம்பித்தான் ஆகவேண்டும். 1087-இல் அப்போது சீனாவை ஆண்ட சோங் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் திறந்தது. வரும் கப்பலைச் சோதிப்பது, சரக்கில் அரசின் பங்கை எடுத்துக்கொள்வது, புறப்படும் கப்பலுக்கு அனுமதிச் சீட்டு தருவது எல்லாம் அதன் பொறுப்பு. மிளகும் வாசனைக் கட்டைகளும் இறங்கின. பட்டும் பீங்கானும் ஏறின. அரபு, பாரசீக வணிகர்கள் இங்கேயே குடியேறினார்கள்.

அதற்கும் முன்பே, 1053-க்கும் 1059-க்கும் இடையில், லுவோயாங் ஆற்றின் கழிமுகத்தில் கருங்கல் பாலம் எழுந்துவிட்டது. அலை அடிக்கும் இடத்தில் கற்களை எப்படி இணைப்பது? தூண்களில் சிப்பிகளை வளரவிட்டார்கள். அவை கல்லோடு கல்லை ஒட்டிப் பிடித்துக்கொண்டன. பொறியாளர்கள் இன்றும் வியக்கும் யுக்தி இது.

மங்கோலியப் படை தெற்கே இறங்கியபோது, வணிக அலுவலகத்தின் பொறுப்பிலிருந்தவர் பு ஷோகெங், வெளிநாட்டு முஸ்லிம் வணிகர் வழிவந்தவர். ஊரிலிருந்த சோங் அரச குலத்தாரைக் கொன்றுவிட்டு, அவர் மங்கோலியர் பக்கம் சாய்ந்தார். கொடூரமான கணக்குதான். ஆனால் வணிகம் தடைபடவில்லை.

1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலத்துக்காக இங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அதில் சீன எழுத்துகளும் உண்டு. அந்தச் சிவன் கோயில் இன்றில்லை. ஆனால் ஊரிலுள்ள கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தில், பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு தூண்களில் நரசிம்மரையும் கண்ணனையும் பார்க்கலாம்.

14-ஆம் நூற்றாண்டில் இங்கே வெடித்த கலகமும், மங்கோலியருக்குப் பின் வந்த மிங் அரசு விதித்த கடல் வணிகத் தடையும் துறைமுகத்தை நொடிந்துபோகச் செய்தன. 15-ஆம் நூற்றாண்டில் கடல் வணிக அலுவலகமே அதே மாகாணத்தின் ஃபூசௌவுக்கு மாறிப்போனது. 2021-இல் யுனெஸ்கோ இங்கே உலக மரபுரிமையாக ஏற்ற 22 இடங்களில், அந்த அலுவலகம் இருந்த மனையும் ஒன்று.