எளிய வில்லும் உயரிய வித்தையும்

வில்லைக் கையிலெடுத்தவன் உடனே அம்பு தொடுக்க விழைவது இயல்பு. உதுமானியரின் இஸ்தான்பூலில் அந்த விழைவுக்கு இடமிருக்கவில்லை.

1453-இல் அந்நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, வில்லாளர்களுக்கென ஒரு பெருந்திடலை ஒதுக்கினார். ‘ஒக் மைதானி’ என்பது அதன் பெயர். ‘ஒக்’ என்றால் அம்பு; மைதானம் நாமும் வழங்கும் சொல்லே. ஒளு இன்றி அங்கே கால் வைப்பதில்லை என்பது வில்லாளர் மரபு.

புதிய மாணவனுக்கு உஸ்தாது முதலில் தந்தது ‘கெபாஸே’ எனும் வலுக்குறைந்த வில். அம்பும் இல்லை, இலக்கும் இல்லை. நாணை இழுப்பதும் மெல்லத் தளர்த்துவதுமே அன்றாடப் பாடம். தொடக்கத்திலேயே வலிய வில்லைப் பற்றுபவன் கழுத்தையும் தோளையும் இறுக்கிக்கொள்வான்; மூச்சை அடக்குவான்; கால்நிலை குலைவான். எளிய வில்லோ அவனைத் தளரச் செய்யும். பாதங்கள் ஊன்றி நிற்க, முதுகு வலிமை ஏற்க, கை அமைதி பெறும்.

அதன்பின் வில்லின் வலிமை படிப்படியாகக் கூடும். அடுத்து, சில அடித் தொலைவில் வைத்த ‘தோர்பா’ எனும் அடைத்த பையின்மீது அம்பு எய்ய வேண்டும். அவ்வளவு அருகில் குறி தவறாது. ஆதலால் மாணவனின் கவனம் இலக்கை விட்டுத் தன் உடலின் பக்கம் திரும்பும். தொலைவு இறுதியில்தான் வரும். 900 கெஸ், அதாவது ஏறத்தாழ 600 மீட்டர், அம்பைச் செலுத்தியவனுக்கே ‘கப்ஸா’ எனும் அனுமதி கிட்டும். அச்சடங்கில் உஸ்தாது வில்லை மாணவன் கையில் அளித்து, அவன் செவியில் இரகசியமாக ஒரு சொல் ஓதுவார். அம்பை விடுகையில் வில்லாளர் கூறுவது ‘யா ஹக்’ என்பதாகும்.

சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் ஆணைப்படி முஸ்தஃபா கானி 1836-இல் இவ்வித்தையை நூலாகத் தொகுத்தபோது, போர்க்களம் துப்பாக்கியின் வசமாகிப் பல தலைமுறைகள் கழிந்திருந்தன. பகைவரை வீழ்த்துவது மட்டுமே நோக்கமாயின், வில் அதற்கு முன்பே மறைந்திருக்கும். நஃப்ஸை அடக்கும் பயிற்சியாகவும் விளங்கியதாலன்றோ அது நிலைத்தது! 2019-இல் யுனெஸ்கோ அதனை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்றைய துருக்கிய மொழியில் ‘கெபாஸே’ என்பதற்கு இழிந்தது என்றே பொருள். எல்லாக் கைகளிலும் புழங்கிய வில் அல்லவா! ஆயினும் அந்த இழிந்த வில்லைத் தொடாமல் எவரும் உஸ்தாதாகவில்லை. விரைந்து உயர விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி வைப்போம்.